கீழக்கரை ஈரத்தில் மூன்று வருட கார்டு கணக்கு

என்னிடம் 412 போகிமான் கார்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்தவை. மூன்று வருடமாக அவற்றின் விலையையும் நிலையையும் குறித்துவைக்கிறேன். முதல் வருடம் ஒரு ஆப்பை மட்டும் நம்பினேன். இப்போது அதற்குப் பாதி வேலைதான்.

ஆப்பில் ஒரு சுகம் உண்டு. கேமராவைக் காட்டினால் கார்டைக் கண்டுபிடித்து விலையும் போட்டுவிடும். ஒரு நாள் மொத்த மதிப்பு திடீரென்று எகிறியது. "காக்கா, நாம பணக்காரங்க" என்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் எல்லாம் ஒரே ஒரு சாரிஸார்ட் கார்டு செய்த வேலை. 1999 பேஸ் செட் என்ற வரிசையில் வந்த சாரிஸார்டின் எண் 4/102, அதாவது 102 கார்டுகளில் நான்காவது. 2021-இல் போகிமானின் 25-ஆம் ஆண்டுக்காக மறுபடி அச்சிட்டபோதும் அதே 4/102-தான் போட்டார்கள். கூடவே 25 என்ற சின்ன முத்திரை இருக்கும். அது ஆப்பின் கண்ணில் படவில்லை. என்னிடம் இருந்தது 2021 கார்டு, ஆப் போட்டது 1999 கார்டின் விலை. ஒரு மத்தியானம் பணக்காரர்களாக இருந்தோம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி, அந்த ஆப் எல்லா கார்டையும் நியர் மின்ட், அதாவது கிட்டத்தட்டப் புதுசு, என்றே வைத்து விலை சொல்வது. நம் கடற்கரை அப்படி விட்டுவைக்குமா? ஐப்பசி மழை தொடங்கியதும் ஹோலோ என்னும் பளபளப்புக் கார்டுகள் முன்பக்கமாகக் குழிந்து வளைந்தன. பின்னால் இருக்கும் காகிதம் ஈரம் குடித்து விரிகிறது, முன்னால் இருக்கும் பளபளப்புத் தாள் விரிவதில்லை, அதனால்தான். அலமாரிக்குள் ஈரமானி வைத்துப் பார்த்தேன்: 81 சதவீதம். ஐம்பதுக்குள் இருந்தால் கார்டுக்கு நல்லது.

அதனால் இப்போது ஒவ்வொரு கார்டுக்கும் ஸ்லீவ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, நல்லதற்கு டாப்லோடர் என்னும் கெட்டி உறை, எல்லாம் மூடி இறுகும் டப்பாவுக்குள், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்; லேசாகச் சூடு காட்டினால் மறுபடி ஆரஞ்சு. "மீன் பொரிக்கிற சட்டியில என்னப்பா பாசிமணி?" என்று உம்மா கேட்ட பிறகு தனிச் சட்டி வாங்கினேன். டப்பாவுக்குள் இப்போது 48, 50 என்று நிற்கிறது. வளைந்தவற்றில் பெரும்பாலானவை நிமிர்ந்துவிட்டன. இரண்டு மட்டும் இன்னும் அப்பளம்தான்.

கணக்கு இப்போது கூகுள் ஷீட்டில். ஈபேயில் கேட்கும் விலையை எழுதுவதில்லை, விற்று முடிந்த விலையைத்தான் எழுதுகிறேன். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நிலைக்கு நான்கு விஷயம் பார்க்கிறேன்: மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா. விளக்கை அணைத்து போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத கீறல் வெள்ளிக் கோடாக மின்னும். அதைத் தேதியோடு படம் எடுத்துவைக்கிறேன். போன வருடம் மதுரைக்காரர் ஒருவர், மூலையில் இருந்த வெள்ளைப் புள்ளி புதிதா பழையதா என்று கேட்டார். எட்டு மாதப் படங்களை வரிசையாக அனுப்பினேன். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

412-க்கும் இப்படிச் செய்ய முடியாது, சலித்துப்போகும். 60 கார்டுகளுக்கு மட்டும் செய்கிறேன். மீதியை லாத்தா (அக்கா) மகன் திண்ணையில் கொட்டி விளையாடுகிறான். ஆப் கணக்கில் அவையும் நியர் மின்ட்தான்.