பள்ளி மாற்றம்: ஆண்டின் நடுவிலா, ஆண்டு முடிந்தா?

ஊர் மாறும்போது பிள்ளையின் பள்ளியை ஆண்டு முடிந்து மாற்றினால் பாடம் ஓர் ஒழுங்கான இடத்தில் நிற்கும். ஆனால் நீண்ட விடுமுறையைப் பிள்ளை புது ஊரில் ஆளில்லாமல் கழிக்க வேண்டும். நடுவில் சேர்ந்தால் முதல் வாரமே பேச்சுத்துணை கிடைத்துவிடும். பத்து வயதுக்குள் என்றால் இரண்டும் சரிதான்.

‘ஆண்டு முடிவு’ என்பதிலேயே ஒரு பொறி உண்டு. ஆகஸ்டில் தொடங்கும் பள்ளியிலிருந்து ஜனவரியில் தொடங்கும் பள்ளிக்குப் போனால், அரையாண்டைத் திரும்பப் படிக்க வேண்டும், அல்லது தாண்ட வேண்டும். கணிதம் பலவீனமென்றால் தாண்டாதீர்கள்.

உண்மையான சிக்கல் 14 வயதுக்கு மேல்தான். பன்னாட்டுப் பள்ளிகளில் சுமார் 14 முதல் 16 வயது வரை படிக்கும் ஐஜிசிஎஸ்இ (IGCSE) பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. முதலாண்டு முடிவும் அதற்கு நடுவழியே. அதை நடத்தும் தேர்வு வாரியங்களில் கேம்பிரிட்ஜிலிருந்து பியர்சன் எடெக்செலுக்கு மாறினால் பாடப்பெயர் ஒன்றாக இருக்கும், தேர்வு முறை வேறாக இருக்கும். இலக்கியத்தில் படித்த நூல்களே பயன்படாமல் போகலாம். அதனால் பாடப்பெயரைக் கேட்காமல் பாடத்திட்டக் குறியீட்டையும் தேர்வு ஆண்டையும் கேளுங்கள். பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளுக்கான ஐபி (IB) டிப்ளமோவில் ஆறு பாடங்கள், வழக்கமாக மூன்று உயர்நிலையில் (Higher Level), அதாவது கூடுதல் ஆழத்தில். அவற்றில் ஒன்று புதுப் பள்ளியில் இல்லையென்றால் இடையில் ஈடுகட்டுவது கடினம். உயர்நிலைப் பாடம் ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவதே 240 மணி நேர வகுப்பு.

நடுவில் மாறுவோர், முடித்த பாடத்தலைப்புகளின் பட்டியலை ஒவ்வோர் ஆசிரியரிடமும் எழுதி வாங்க வேண்டும். மதிப்பெண் அறிக்கை மட்டும் போதாது. எது நடத்தப்படவில்லை என்பதை அது சொல்லாது. ஆண்டிறுதியில் மாறுவோருக்கு வேறு அவசரம்: பள்ளி அலுவலகம் விடுமுறைக்கு மூடும்முன் மாற்றுச் சான்றிதழ்.