ஃபுளோரின் சேர்மங்கள்: வடிகட்டுவதா, வெளிச்சத்தால் உடைப்பதா?

நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்பட்ட பிஃபாஸ் (PFAS) என்னும், எளிதில் சிதையாத ஃபுளோரின் ரசாயனங்களைப் பற்றி மதுரையில் யாரிடம் பேசினாலும், "அதான் வீட்டுல ஆர்ஓ இருக்கே" என்கிறார்கள். சரிதான், ஆர்ஓ அவற்றை நன்றாகவே தடுக்கும். ஆனால் எதையும் அழிக்காது. தண்ணீரில் பிஃபாஸ் இருந்தால், சிங்குக்குக் கீழே மெல்லிய குழாயிலிருந்து வாளியில் விழும் கழிவுநீரில் அது முன்பைவிட அடர்த்தியாக இருக்கும். அந்த வாளியைத்தான் மல்லிகைச் செடிக்கு ஊற்றுகிறோம். ஃபில்டரில் இருக்கும் செயலூட்டிய கரியும் (activated carbon) அப்படித்தான், பிடித்து வைக்கும், அவ்வளவே. அதிலும் கார்பன் சங்கிலி குட்டையாக உள்ள பிஃபாஸ் சேர்மங்கள் சீக்கிரமே நழுவிவிடும்.

உடைக்க ஒரு வழி ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள். பலரும் முதலில் சொல்வது டைட்டானியம் டைஆக்சைடு. சுங்குடிச் சாயத் தண்ணீரில் அந்தத் தூளைக் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். பிஎஃப்ஓஏ என்ற பிஃபாஸிடம் அது பலிப்பதில்லை. டைட்டானியம் டைஆக்சைடு தண்ணீரில் உண்டாக்கும் ஹைட்ராக்சில் என்ற வீரியமான துகள், பெரும்பாலும் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் வேலையைத் தொடங்கும். பிஎஃப்ஓஏவின் கார்பன் சங்கிலியிலோ ஹைட்ரஜனே இல்லை, சுற்றிலும் ஃபுளோரின். கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் ஆற்றல் தேவை.

இதில் போரான் நைட்ரைடு தேவலை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2020இல் அதைக் கொண்டு பிஎஃப்ஓஏவை உடைத்துக் காட்டியது. ஆனால் அதற்கு 254 நானோமீட்டர் புறஊதா ஒளி வேண்டும். நம் சித்திரை வெயிலிலும் அது கிடைக்காது, ஓசோன் மேலேயே தடுத்துவிடுகிறது. வீட்டு ஃபில்டரின் யுவி விளக்கு ஏறக்குறைய அதே ஒளிதான். ஆனாலும் வினையூக்கி இல்லாமல், நொடிகளில் கடந்து போகும் தண்ணீரில் கிருமி சாகும், பிஎஃப்ஓஏ அசையாது.

எனக்கு நம்பிக்கை தருவது 2024இல் வந்த கண்ணுறு ஒளி வினையூக்கிகள். சீன ஆய்வாளர்கள் 40–60 டிகிரி வெப்பத்திலேயே டெஃப்லானைக்கூட உடைத்தார்கள். ஆனால் அது ஆய்வகக் குடுவையில், எலக்ட்ரான் தரும் துணைப்பொருள் சேர்த்துச் செய்தது. நம் உப்புத் தண்ணீருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

ஆகவே குடிக்க இன்றைக்கு ஆர்ஓ போதும். ஒளிவினையூக்கியைக் கேன் தண்ணீர் ஆலைகளின் கழிவுநீரில் சோதிக்க வேண்டும், மாசு திரண்டு ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். அப்புறம், 'பிஎஃப்ஓஏ மறைந்தது' என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், குட்டைச் சங்கிலியாக மிஞ்சியிருக்கலாம். பிணைப்பு முறிந்தால் ஃபுளோரின் ஃபுளோரைடாக வெளிவரும், அது எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். அதைச் சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படியவைத்துப் பெருமளவு அகற்றிவிடலாம்.