குழாய் வீட்டுக்கு வந்தது, குடம் இடுப்பைவிட்டு இறங்கவில்லை

2025 ஜூன் பள்ளி விடுமுறையை மகளுடன் இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் கழித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். ஊருக்குப் போய்வருபவர்கள் பெரும்பாலும் சாலை, வங்கி, இணைய வேகம் ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். அவற்றில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. காய்கறிக் கூடைக்காரி வரை கைப்பேசியில் பணம் வாங்குகிறார். நான் எழுத வந்தது தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றி. அவை ஊரின் ஆண்களுக்கு ஒரு விதமாகவும் பெண்களுக்கு வேறு விதமாகவும் கிடைப்பதை இந்த முறை உட்கார்ந்து பார்க்க நேரம் வாய்த்தது.

எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பு. வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று வாழ்ந்த ஊர்களுக்கு, திருச்சிக்கு அருகே காவிரியில் எடுக்கும் தண்ணீர் குழாய் வழியாக வரத் தொடங்கியது பெரிய மாற்றம் என்பதை மறுக்க முடியாது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில், வீட்டு வாசலுக்கு வாசல் குழாயும் நட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் குழாய் இல்லாத வீடு இல்லை. ஆனால் அந்தக் குழாயில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் விடியுமுன், ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் உள்ள வீடுகளில் சிலர் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்வதால், கடைசித் தெருக்களுக்கு வந்து சேரும்போது அது நூலாக இழைகிறது. ஆகவே கடைசித் தெருப் பெண்கள் குடங்களை அடுக்கிய இரும்புத் தள்ளுவண்டியுடன் தொட்டியடிக்குப் போகிறார்கள். இந்த வண்டி எங்கள் பக்கத்தில் பரவலாகக் காணும் பொருள். வெல்டிங் பட்டறைகளில் சொல்லிச் செய்து வாங்குவது. கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். தண்ணீர் மோட்டார் சைக்கிளில் இரு பக்கமும் கேன் கட்டி வந்தால் ஓட்டுபவர் ஆண். தள்ளிக்கொண்டு வந்தால் தள்ளுபவர் பெண்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்களிடமும் சிறுமிகளிடமும் இருப்பதாகச் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள் என்பதே என் வருத்தம். குழாய் வாசலில் இருப்பதால், தாளில் அவர்கள் தண்ணீர் சுமப்பவர்களே இல்லை.

சுமையைவிடக் கொடியது காத்திருப்பு. இன்றைக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பது தொட்டி இயக்குபவருக்குத் தெரியும். அவரோடு டீக்கடையில் நிற்கும் ஆண்களுக்கும் தெரியும். பெண்களுக்கு அது குழாய் சீறும் சத்தத்தில்தான் தெரிகிறது. என் மதினி, "தண்ணி வர்ற நேரந்தான் எங்களுக்கு விடியிற நேரம்" என்றார். கடைசித் தெருப் பெண்களில் பலர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். நான் போனபோது அங்கே காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்தே வருகை பதிந்தார்கள். காலைப் படத்துக்குள் போய்ச் சேராவிட்டால், 2025-26-க்கு 336 ரூபாய் என்று அறிவித்திருந்த கூலி கைவிட்டுப் போகும். தண்ணீர் தாமதமாக வரும் நாளில் அவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கூலியை விடாதவர்கள், மாலையில் வண்டித் தண்ணீரைக் குடம் 12 ரூபாய்க்கு வாங்குகிறார்கள்.

இனிக் கழிப்பறை. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். சரியாக ஐந்தாண்டு கழித்து, ஊரக இந்தியா முழுவதும் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளின் பின்னால் கழிப்பறை இருக்கிறது, பயன்பாட்டிலும் இருக்கிறது. ஆனால் அதற்குள் போகிறவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான். ஆண்கள் இன்னமும் கருவைக் காட்டுக்குத்தான் ஒதுங்குகிறார்கள். பழக்கம், காற்றாடப் போவது என்றெல்லாம் அவர்கள் காரணம் சொல்வார்கள். வீட்டுப் பெண்களைத் தனியே கேட்டால் வேறு கணக்கு வருகிறது.

கிராமத்துக்கென்று பரிந்துரைக்கப்பட்ட கழிப்பறைப் பீங்கான் செங்குத்தான சரிவும் குறைந்த நீரடைப்பும் (நாற்றம் வராதபடி வளைவில் தேங்கி நிற்கும் நீர்) உடையது. ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும் என்ற கணக்கில் வடிவமைத்தது. கொத்தனார் டவுன் கடையில் வாங்கிவந்து பதித்ததோ சாதாரணப் பீங்கான். அதற்கு மூன்று நான்கு மடங்கு தண்ணீர் வேண்டும். ஒரு குடத்தில் ஏறத்தாழ 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் எல்லோரும் கழிப்பறைக்குள் போகும் நாளில் நான்கைந்து குடம் கூடுதலாக வேண்டியிருக்கும். இதற்கு உப்புத் தண்ணீர் போதும் என்பது உண்மை. ஆனால் அதுவும் தெருமுனை அடிகுழாயில் அடித்துச் சுமந்து வரவேண்டியதே. "நீங்க வெளிய போயிட்டு வாங்க" என்று கணவனையும் மகனையும் அனுப்புகிற பெண்களை நான் பார்த்தேன். கழிப்பறை கட்டிய திட்டமும் குழாய் நட்ட திட்டமும் இரண்டு வேறு கோப்புகளாக இருக்கலாம்; அவை ஒன்றுசேரும் இடம் இந்தப் பெண்ணின் இடுப்பு என்பதை இரண்டு கோப்பிலும் யாரும் குறித்ததாகத் தெரியவில்லை.

இடமோ பட்டாவோ இல்லாததால் கழிப்பறை கட்ட முடியாத குடும்பங்கள் புறம்போக்கு ஓரத்தில் இருக்கின்றன. அங்குள்ள பெண்களுக்கு இருட்டும் கருவையும்தான் மறைப்பு. சீமைக் கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட காலத்தில் ஊரையொட்டிய புதர்களை இயந்திரம் வைத்துத் தள்ளினார்கள். அந்த மரம் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மறைப்புப் போனபிறகு இவர்கள் எங்கே போவார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை, அவர்கள் இன்னும் தொலைவுக்கு நடந்தார்கள். பகலில் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாக ஒரு சின்னம்மா சொன்னார். எந்தக் கோடையில் என்று நினைத்துப் பாருங்கள். சிறுநீர்க் கடுப்பு அவர்களிடையே பேச்சுவாக்கில் சொல்லிப்போகும் சாதாரண நோயாகிவிட்டது.

இவர்களுக்காகவே கட்டியதுதான் மகளிர் சுகாதார வளாகம். 2001-க்கும் 2004-க்கும் இடையில் தமிழகம் எங்கும் ஊராட்சிதோறும் கட்டிய வளாகங்களில் ஒன்று எங்கள் ஊரிலும் இருக்கிறது. கழிப்பறை, குளியலறை, துவைக்கும் கல் எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். நல்ல யோசனை. மோட்டார் கெட்டபின் பூட்டியது. இப்போது தெருவிளக்குச் சாமான்கள் உள்ளே கிடக்கின்றன.

மகளுக்குப் பதின்மூன்று வயது என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்று பொட்டலம் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அது ஒழுங்காகவே கிடைக்கிறது. பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் வழியில்லை. பொழுது சாய்ந்தபின் கொல்லைப்புறத்தில் எரிக்கிறார்கள்.

முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இல்லையா என்றால், சட்டப்படி இருக்கிறார்கள். குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்கள். தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி. உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி ஒதுக்கீடு. நடைமுறையில், குழுவில் இருக்கும் ஒருவரிடம் கேட்டபோது, பதிவேடு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன் என்றார். பயிற்சி பெற்ற இளம்பெண்ணோ பரிசோதனைப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டி, உப்பையும் ஃபுளோரைடையும் எப்படிப் பார்ப்பது என்று அழகாக விளக்கினார். முடிவை எழுதிக் கொடுத்தபின் என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்படவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பில் இருப்பதால், முன்பு வாசலில் நின்று கேட்க ஒரு வார்டு உறுப்பினர் அக்காவாவது இருந்தார், இப்போது அவரும் இல்லை.

பெண்களோடு பயணம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வழியில் பேருந்து நிலையங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களிடம் வாசலில் உட்கார்ந்திருப்பவர் பத்து ரூபாய் கேட்கிறார், பலகையில் இலவசம் என்று எழுதியிருந்தாலும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டித்தரலாம் என்ற பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. கடைசித் தெருப் பெண்களிடம் அதைச் சொன்னேன். அவர்கள் கேட்டது மூன்று: வளாகத்துக்கு மோட்டார், அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், தண்ணீர் திறக்கும்போது தங்கள் தெரு வால்வை முதலில் திறந்து தொட்டியடித் தெருவைக் கடைசியில் விடுவது. முதல் இரண்டுக்கும் சங்கத்தில் பணம் பேசியிருக்கிறேன். சம்பளம் என்றதும் சிலர் தயங்குகிறார்கள், கட்டடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும் என்பதால். மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை. அந்த மனுவைப் பெண்களே எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த கிராமசபை கூடும் 2025 ஆகஸ்டு 15 அன்று கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.