அரை நாளுக்கு 3,500 ரூபா: எங்கள் டவுன் கிரவுண்ட் எப்படி?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் பதினெட்டு வருசமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். அரசாங்கக் காசில் திருத்தித் திறந்த கிரவுண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வாடகைக்கு எடுத்தோம். டவுன் பெயர் வேண்டாம். அடுத்த தடவையும் நான்தான் அங்கே கடுதாசி கொண்டுபோய் நிற்க வேண்டும்.

வாடகை 3,500 ரூபா, திருப்பித் தரும் வைப்புப் பணம் 2,000. ரசீது கையோடு கிடைத்தது. சாவிக்காரர் அரை மணி நேரம் பிந்தி வந்தார், அது பரவாயில்லை.

கேலரிக்குக் குறை சொல்ல முடியாது. கூரை போட்ட ஐந்து படி, மழையில் நனையாமல் உட்காரலாம். கக்கூஸ் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் வேலை செய்கிறது. லயத்துப் பக்கம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் பக்கம் விளையாடினால் எங்கள் பிள்ளைகள் தேயிலைக்குள்தான் ஒதுங்க வேண்டும், அதனால் இதற்கே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன். கை கால் கழுவும் இடம்தான் சரியில்லை. நாலு குழாயில் ஒன்றில்தான் தண்ணீர். பிள்ளைகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனார்கள்.

சிக்கல் தரையில்தான். மலையை வெட்டித்தான் இங்கே கிரவுண்ட் போட முடியும். ஒரு பக்கம் வெட்டின மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீரை அடியிலேயே ஒரு கான், அதாவது வடிகால், வெட்டிப் பிடிக்காவிட்டால் அது நேராகப் புல்லுக்குள் வந்துவிடும். இங்கே கான் இருந்த இடத்தில் கேலரி நிற்கிறது! அதற்குக் கீழே ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள், அதன் வாயைத் தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட கவ்வாத்துக் குச்சியும் யோகட் கப்பும் அடைத்திருந்தன. மேட்டுப் பக்க கோல் கம்பத்துக்கு முன்னால் கணுக்கால் வரை சேறு. முதல் பாதியில் எங்கள் கோலி மூன்று தடவை வழுக்கி விழுந்தான். மூன்றாவது தடவை பந்து அவனுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, சேறு பிடித்துக்கொண்டது. அதையும் சேவ் என்று எழுதிக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதை இந்திய அரசு 7 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் கொடுத்துத் திருத்தியது. 2016 ஜூன் 18இல் மோடி டில்லியிலிருந்து காணொளியில் பேச, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் இருந்து திறந்து வைத்தார். அடுத்த வருசம் மே 12இல் மோடி எங்கள் பக்கத்து நோர்வூட்டுக்கே வந்தார், நானும் கூட்டத்தில் நின்றேன். டிக்கோயாவில் ஆஸ்பத்திரி திறந்தார், மலையகத்துக்கு இன்னும் 10,000 வீடு என்றார். லயத்துக் காம்பராவில் பிறந்தவன் வீடு வேண்டாம் என்று சொல்வானா? ஆனாலும் மேடை போட்டிருந்த கிரவுண்டைப் பார்த்து, இதற்கும் ஒரு கோடி ஒதுக்கினால் என்ன என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இதை என் பழைய பையன் ஒருத்தனிடம் சொன்னேன். இப்போது பெல்ஃபாஸ்ட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். "மாஸ்டர், இங்கயும் கதை அதுதான்" என்று ஒரு படம் அனுப்பினான். கேஸ்மென்ட் பார்க் என்ற மைதானம், அயர்லாந்துக்காரர்களின் சொந்த விளையாட்டான கேலிக் (Gaelic) ஆட்டங்களுக்கானது, 2013இல் கடைசி ஆட்டம் நடந்ததோடு பூட்டி, பத்து வருசத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. காசுக்குப் பஞ்சமா என்றால், வட அயர்லாந்து அரசு 6 கோடி 25 லட்சம் பவுண் என்றது. எல்லைக்கு அந்தப் பக்கத்து அயர்லாந்து அரசு 5 கோடி யூரோ என்றது. செலவு 40 கோடி பவுணைத் தாண்டும் என்று கணக்கு வந்ததும், யூரோ 2028 என்ற ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு அதைக் கட்டக் காசு தர மாட்டோம் என்று 2024 செப்டெம்பரில் லண்டன் அரசு கையை விரித்தது. 2025 ஜூனில் அதே லண்டன் 5 கோடி பவுண் தருகிறேன் என்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்த இழுபறி என்றால், கேட்க கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

சரி, நம்ம கிரவுண்டுக்கு வருவோம். இடைவேளையில் ஒரு பையனின் தாத்தா வந்தார். காலம் முழுக்கத் தோட்டத்தில் கான் வெட்டினவர். கேலரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கி வழி சொல்லாம மேடை கட்டிருக்கானுக" என்றார். பக்கத்து வீட்டில் மண்வெட்டி வாங்கி, மேட்டோரமாக ஒரு முழ ஆழத்துக்குச் சரிவு பார்த்துக் கீறினார், பின்னாலேயே பையன்கள் தோண்டினார்கள். இருபது நிமிசத்தில் கோலடித் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி பள்ளத்துப் பக்கம் ஓடியது. "இதுக்கு எனக்கு அரை பேராச்சும் போடுங்க மாஸ்டர்" என்று சிரித்தார். தோட்டத்தில் அரை பேர் என்றால் அரை நாள் சம்பளம். இரண்டாவது பாதி ஒழுங்காக நடந்தது. 2க்கு 1, தோற்றுவிட்டோம்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குள் எடுத்தால் மூன்றரை. மே மாதம் தென்மேல் மழை தொடங்கிவிட்டால் எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டுமென்றால் மண்வெட்டி கொண்டுபோங்கள். இன்னொன்று, வைப்புப் பணத்தை நம்ப வேண்டாம். திங்கட்கிழமை போய்க் கேட்டேன், "தரையைச் சேதப்படுத்தியது" என்று எழுதி 2,000 ரூபாவையும் பிடித்துவிட்டார்கள். திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கானை மட்டும் யாரும் மூடவில்லை.