சாவி கொடுத்து ஒன்பது வருடம்: எச்.எம்.வி 102ம் பழைய நடன இசைத்தட்டுகளும்

லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது இந்தப் பெட்டி. எச்.எம்.வி 102, சாவி கொடுத்து ஓடும் கிராமபோன், 1931இல் வந்த மாடல். நன்றாக ஓடும் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். வீட்டில் போட்டால் பாதிப் பாட்டிலேயே வேகம் இறங்கி, பாடுகிறவர் பூதம் மாதிரி முனக ஆரம்பித்துவிட்டார். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து, ஊசியின் அதிர்வைச் சத்தமாக்கும் சவுண்ட் பாக்ஸின் ரப்பரையும் மாற்றியதில் பெட்டியின் விலையைவிட அதிகம் செலவு. அப்புறம் இன்றுவரை மோட்டார் மக்கர் செய்யவில்லை.

தொல்லையெல்லாம் ஊசியில்தான். இரும்பு ஊசி, பக்கத்துக்கு ஒன்று. தட்டின் கலவையிலேயே கல்தூள் உண்டு, அது ஊசி முனையைத் தேய்த்துக் காடிக்கு, அதாவது தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்குப் பொருந்தவைக்கும், மூன்று நிமிடம் முடிந்ததும் அந்த முனை உளிதான். சோம்பலில் மறுபக்கத்துக்கும் அதையே வைத்து ஒரு நல்ல தட்டைச் சாம்பல் பூக்கவைத்தவன் நான். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் கிடையாது, தடித்த ஊசி போட்டால் அதிகம், மெல்லியது போட்டால் குறைவு, அவ்வளவுதான்.

சரி, எதைக் கேட்பது? 1925க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் மைக் இல்லை, வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய புனலை நெருக்கியடித்துக்கொண்டு வாசிப்பார்கள், டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் சரியாக விழாது என்பதால் பல குழுக்களில் அந்த இடத்தில் டியூபா என்ற ஊதுவாத்தியம் இருக்கும். அமெரிக்காவின் பால் வைட்மேன் நடனக் குழு 1920இல் பதிந்த தட்டைக் கணினியில் கேட்டால் தகர டப்பாவுக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கிறது, இந்தப் பெட்டியில் அதே தட்டு அறையை நிரப்புகிறது. புனலில் நுழைந்தது புனலிலேயே வெளியே வருவதால் இருக்கலாம்.

முப்பதுகளின் லண்டன் நடனக் குழுக்களுக்குப் பழக எனக்கு நாளாயிற்று. குழுத்தலைவர் ரே நோபிளின் தட்டுகளில் அல் பவுலி என்பவர் பாடுவார், ஆனால் பல தட்டுகளில் அவர் பெயரே இருக்காது, வெறுமனே 'வோக்கல் ரிஃப்ரெய்ன்' (குரலில் பல்லவி) என்று போட்டிருப்பார்கள். குரலும் ஒரு நிமிடம் கழித்துத்தான் வரும். எடுத்ததுமே பல்லவியைத் தேடும் காது நமக்கு, முதலில் எரிச்சலாக இருந்தது. இது ஆடுவதற்காகப் பதிந்தது, பாடகர் நடுவில் எட்டிப்பார்க்கும் விருந்தாளி என்று புரிய ஒரு வருடமாவது ஆனது. இப்போதெல்லாம் அவர் வந்து சாக்ஸபோனை மறைக்கிறாரே என்று தோன்றுகிறது!

அமெரிக்க மலைநாட்டு இசை தனிச் சுவை. 1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் ஒரே வாரத்தில் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவையும் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரையும் பதிந்தார். அமெரிக்க அசல் தட்டுகள் என் கைக்கு எட்டாத விலை, ராட்ஜர்ஸ் மட்டும் ரீகல் சோனோஃபோன் என்ற பிரிட்டிஷ் பதிப்பில் சில கிடைத்தார்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை போக ஒரு தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன், பளபளப்பு பஞ்சோடு வந்துவிட்டது. தட்டைப் பிடித்துவைத்திருப்பது அரக்கு, அதிலும் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறியது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அதை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள், அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், லேபிள் மட்டும் நனையக் கூடாது. எடிசனின் கால் அங்குலத் தடிமன் தட்டுகள் கிடைத்தால் இதில் போட்டுவிடாதீர்கள், அவற்றின் காடியே வேறு விதம், இரும்பு ஊசி நாசமாக்கிவிடும்.

அரிய தட்டுகளை இப்போது மின்சார டர்ன்டேபிளில், 78க்கான (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தப் பழைய தட்டுகளுக்கான) தடித்த ஊசி போட்டுத்தான் கேட்கிறேன். பின்னால் வந்த எல்.பி. தட்டுகளுக்கான மெல்லிய ஊசி காடியின் அடியில் போய் இரைச்சலைத்தான் தோண்டியெடுக்கும். பெட்டிக்கு 1925க்கு முந்தையவையும், ஏற்கெனவே கீறல் விழுந்த சல்லிசுத் தட்டுகளும். வாரத்துக்கு முப்பது ஊசியாவது தீர்கிறது.