நடந்து படம் வரைய ஒரு கருவி: கார்மின் இடிரெக்ஸ் 22எக்ஸ்

நடந்த தடத்தையே கோடாக்கிப் படம் வரைகிறவர்களுக்கு ஜிபிஎஸ் கருவிதான் பேனா. ஆனால் இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், அது வழி காட்டும் திறனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வழி முன்பே தெரியும். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன். நடந்ததை நடந்தபடியே பதிவு செய்யுமா என்பதுதான் என் கேள்வி. இடிரெக்ஸ் 22எக்ஸ் செய்கிறது.

கருவி தடத்தைப் புள்ளி புள்ளியாகப் பதிந்து கோடாக்குகிறது. எப்போது புள்ளி வைக்க வேண்டும் என்பதை இது நம்மிடமே விட்டுவிடுகிறது. நேரக் கணக்கு, தூரக் கணக்கு, தானியங்கி என மூன்று முறைகள் உண்டு. என் தேர்வு எப்போதும் தூரம். அசையாமல் நின்றாலும், கருவி கணிக்கும் இடம் சில மீட்டர் அங்குமிங்கும் அலைந்துகொண்டே இருக்கும். நொடிக்கொரு புள்ளி என்று வைத்துவிட்டுச் சாலையைக் கடக்கக் காத்து நின்றால், வரைந்துகொண்டிருக்கும் பறவையின் அலகு நுனியில் ஒரு கிறுக்கல் முடிச்சு விழுந்துவிடும். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் அலகு பெரும்பாலும் கூராகவே நிற்கும். கருவியின் நினைவகத்தில் இடமும் மிஞ்சும். பதிவாகிக்கொண்டிருக்கும் தடம் 10,000 புள்ளிகள் கொள்ளும். நொடிக்கு ஒன்றாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், 5 மீட்டருக்கு ஒன்றாகப் போனால் 50 கிலோமீட்டர் வரை வரையலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பதிவை நிறுத்தி, வேறோர் இடத்துக்குப் போய்த் தொடங்கினால் கோடும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டையும் நேர்க்கோடு இழுத்து இணைப்பதில்லை. அதனால் பறவையின் உடலுக்குள் கண்ணைத் தனி வட்டமாக வைக்க முடிகிறது. அந்த வட்டத்துக்கு 40 மீட்டர் அகலமாவது கொடுங்கள். அதைவிடச் சிறிதானால் வட்டம் கோணிப்போகும். ஒரே கோட்டில் முடிப்பதுதான் கலை என்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல, கண் இல்லாத பறவையை என்னால் ஏற்க முடியாது.

ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியது. பிரிட்டனில் ஓவியர் ஜெரமி வுட் இவ்வகை ஓவியங்களைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் பிழை 100 மீட்டர் வரை போகும்; கண் எங்கே, அலகு எங்கே!

இந்தக் கருவி ஜிபிஎஸ், ரஷ்யாவின் செயற்கைக்கோள் அமைப்பான குளோனாஸ் இரண்டின் சிக்னலையும் வாங்குகிறது. ஜிபிஎஸ்ஸின் இன்னொரு புதிய அலைவரிசையான எல்5-ஐ வாங்காது. திறந்தவெளியில் வரைபவர்களுக்கு அது குறையே அல்ல. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும் இடங்களில் வரைபவர்கள் இரட்டை அலைவரிசைக் கருவிக்குப் போவதே நல்லது.

இரண்டு ஏஏ பேட்டரிகள் போதும். 25 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். கணினியில் செருகினால் தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், எங்கும் பதிவேற்ற வேண்டியதில்லை. செருக மினி யுஎஸ்பி கேபிள் வேண்டும். இப்போது அது அரிதாகி வருவதால், கருவி வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.