ஓம் மீட்டரா, வோல்ட்–ஆம்பியர் கணக்கா?

ஒரு சாதனத்தின் தடையை ஓம் மீட்டரால் நேரே அளப்பதா, ஓடவிட்டு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பார்ப்பதா? தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று கிடந்தது. மல்டிமீட்டரை ஓம் முறையில் வைத்துப் பார்த்தால் 38 ஓம். 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர், அதாவது 1400 வாட்டுக்கு அருகில்! பல்பு பொய் சொல்லவில்லை; இழை குளிர்ந்திருக்கிறது, அப்போது அதன் தடை குறைவு, அவ்வளவுதான்.

அதே பல்பை எரியவிட்டு அளந்தேன்: 230 வோல்ட், 0.43 ஆம்பியர். வகுத்தால் சுமார் 530 ஓம், பெருக்கினால் 99 வாட். எரியும்போது உள்ள தடை இதுதான்.

தேய்ப்புப்பெட்டியில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதிலுள்ள சூடேற்றும் கம்பியான நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) சூடானாலும் தடை கொஞ்சம்தான் கூடும். 1000 வாட் பெட்டிக்கு 53 ஓம் வரும். மழைக்கால மாலையில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால் கிடைப்பது ஏறக்குறைய 680 வாட்தான். சட்டை மடிப்பு போகாததற்குக் காரணம் இதுதான்.

ஓம் முறையில் பிளக்கைக் கழற்றிவிட்டு அளப்பதால் பயமில்லை. இழை அறுந்ததா என்று பார்க்க அதுவே போதும். ஓடும் நிலை தெரிய, வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். அதையும் ஒற்றை வயரில்தான் மாட்டணும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். நானும் ஏமாந்திருக்கிறேன்.

கிணற்று மோட்டாருக்கு இரண்டு கணக்குமே முழுசாக உதவாது. சுருளின் ஓமை வைத்து ஓட்டக் கரண்ட் தெரியாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் பவர் ஃபேக்டரால் (அந்தப் பெருக்கத்தில் உண்மையில் வாட்டாகும் பங்கு) பெருக்கிய பிறகுதான் வாட் கிடைக்கும்.